வராது என்று சொன்ன பலகை

அந்தப் பஸ் வந்ததை யாரும் பார்க்கவில்லை. ஆனால் அது வந்து, நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போயும் விட்டதாக நிறுத்தத்தில் இருந்த மின்பலகை சொன்னது. முதலில் "வருகிறது" என்று காட்டியது. பிறகு "வந்துவிட்டது" என்றது. காத்திருந்தவர்கள் சாலையைப் பார்த்தார்கள், பலகையைப் பார்த்தார்கள், பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பலகை கொஞ்சமும் கூச்சமில்லாமல் "புறப்பட்டது" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டது.

"ஏம்மா, நம்ம எல்லாரும் ஏறிட்டோமா?" என்று கேட்டார் பையோடு நின்றிருந்த ஒருவர்.

நிறுத்தமே சிரித்தது. சின்னவள் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பலகைக்குள் ஓடும் நிரலை எழுதியவள் அவள்தான். "நான் செஞ்ச பலகையை வந்து பாரு" என்று அக்காவை இழுத்துக்கொண்டு அன்று காலை பெருமையாக வந்து நின்றவளும் அவள்தான். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

அக்கா அரசு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டு நர்ஸ். காலை ஷிப்டுக்கு அவள் போய் நின்றால்தான் இரவெல்லாம் கண்விழித்த நர்ஸ் வீட்டுக்குப் போக முடியும். அன்று அக்கா தாமதமாகப் போனாள். இரவு நர்ஸ் நின்றபடியே தூங்கிக்கொண்டு மருந்து கொடுத்திருக்கிறாள். நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை. மேட்ரன் மட்டும் அக்காவை வார்டு நடுவில் நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். அக்கா வீட்டுக்கு வந்து சின்னவளைத் திட்டவில்லை. ராத்திரி வரை பேசவேயில்லை. திட்டியிருக்கலாம் என்று சின்னவள் ஏங்கினாள்.

தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. கண்டுபிடித்தபோது வெட்கம் இரட்டிப்பானது. போக்குவரத்துக் கழகத்துக்கு வருவதற்கு முன், வீட்டுக்கு வீடு பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு பெரிய கம்பெனியில் அவள் வேலை பார்த்தாள். வாடிக்கையாளர் முகம் சுளிக்கக் கூடாது என்பது அங்கே வேதவாக்கு. வண்டி எங்கே நிற்கிறது என்று தெரியாவிட்டாலும் "தெரியவில்லை" என்று மட்டும் காட்டக் கூடாது. ஒரு சின்னப் படம் சாலையில் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தக் கெட்ட பழக்கத்தை இங்கேயும் கையோடு கொண்டுவந்துவிட்டாள். பஸ்ஸிடமிருந்து தகவல் வராவிட்டால், கால அட்டவணைப்படி அது ஓடுவதாகவே வைத்துக்கொள் என்று நிரலில் எழுதியிருந்தாள். டிரைவர் இல்லாமல் டிப்போவிலேயே படுத்திருந்த பஸ், பலகையில் மட்டும் ஊர் சுற்றி வந்தது.

கம்பெனியில் இப்படி ஒரு பொய்யால் யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகாது. சட்டை நாளைக்கு வரும், அவ்வளவுதான். இங்கே ஒரு வார்டு காத்திருந்தது. பாதிச் சம்பளத்துக்கு இந்த வேலைக்கு வந்ததே அதனால்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள், முதல் வாரமே பழைய புத்தியைக் காட்டிவிட்டாள்.

அந்த வாரமே அந்த வரியைத் தூக்கிப் போட்டாள். அதற்குப் பதிலாக ஒரு சொல்லைச் சேர்த்தாள். பஸ் ரத்தானால் பலகை வழவழா கொழகொழா என்று பேசாது. சிவப்பு எழுத்தில் "வராது" என்று மட்டும் சொல்லும். பார்வையில்லாதவர்களுக்காக ஒலிபெருக்கியிலும் அதையே சொல்லும்.

ஆனால் அவள் ஒருத்தியால் அந்தச் சொல்லைப் பலகையில் ஏற்ற முடியவில்லை. பஸ் ரத்தாவது முதலில் தெரிவது டிப்போ கட்டுப்பாட்டு அறைக்கு. அங்கே இருந்த கன்ட்ரோலர் அம்மா ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர், பயந்த சுபாவம், ஆனால் குரல் மட்டும் பஸ் ஹாரன். எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்று இருவரும் சேர்ந்து உட்கார்ந்துதான் முடிவுசெய்தார்கள். பலகை சொல்வது காதுக்குப் புரிகிறதா என்று பார்த்தவன் ரேடியோ. அவனுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. கழகத்தில் மென்பொருள் சோதிப்பது அவன் வேலை. விழித்திருக்கும் நேரமெல்லாம் பேசிக்கொண்டே இருப்பதால் அந்தப் பட்டப்பெயர். முதலில் அவள் "ரத்து செய்யப்பட்டுள்ளது" என்றுதான் எழுதியிருந்தாள். "அது முடியறதுக்குள்ள அடுத்த பஸ்ஸே போயிடும் மேடம்" என்று அவன்தான் அதைச் சுருக்க வைத்தான்.

மூவரும் சேர்ந்து ஒரு வழக்கத்தையும் உண்டாக்கினார்கள். பலகையில் ஒரு புள்ளி மாறினாலும் அதற்கு இரண்டு கை வேண்டும். ஒரு கை எழுதியவருடையது. இன்னொரு கை, அந்த மாற்றத்தை ஒரே ஒரு நிறுத்தத்தில் சோதனைக்குப் போட்டு, காலைக் கூட்டத்தில் அங்கே போய் நின்று, ஜனங்களுக்கு இது உதவுகிறதா என்று பார்த்தவருடையது. இருவரும் ஒப்புக்கொண்டு அழுத்தினால்தான் ஊர்ப் பலகைகள் மாறும். யார் யார் அழுத்தினார்கள் என்று கழகத்தின் பொது இணையப் பக்கத்தில் பெயரோடு வந்துவிடும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். புது இயக்குநர் வந்த புதிதில் இந்த வழக்கத்தைப் பார்த்து மெய்சிலிர்த்துப்போய், கையெழுத்துப் போட்டுக் கழகத்தின் விதியாகவே ஆக்கினார். மேடை மேடையாகப் பேசினார். வெளிப்படைத்தன்மை என்ற சொல்லை அவர் சொல்லாத நாள் கிடையாது.

அந்தச் சொல்லுக்கு ஜனங்கள் சீக்கிரமே பழகிவிட்டார்கள். "வராது" என்று வந்துவிட்டால் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு, மெயின் ரோட்டுக்கு நடந்தோ, ஆட்டோவைப் பங்கு போட்டோ போய்ச் சேர்ந்தார்கள். டிப்போவில் சின்னவளுக்கு "வராது மேடம்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவள் கேன்டீனுக்குள் நுழைந்தால் "டீ வராது மேடம்" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

வினை ஒரு மழை நாளில் வந்தது. பஸ்கள் பழசு, டிரைவர் இடங்கள் காலி, நிரப்ப நாதியில்லை. மருத்துவமனை நிறுத்தப் பலகையில் மேலிருந்து கீழ்வரை சிவப்பாக "வராது, வராது, வராது" என்று ஓடியது. யாரோ அதைப் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். படம் ஊரைச் சுற்றி வந்து சட்டமன்றத்துக்குள்ளும் நுழைந்தது. மறுநாள் காலை இயக்குநர் அவளைக் கூப்பிட்டார்.

"உட்காருங்கம்மா. டீ சாப்பிடறீங்களா?"

டீ என்றதுமே ஏதோ வில்லங்கம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அந்த ஒரு வார்த்தை மேலிடத்தை ரொம்ப உறுத்துது" என்றார். "அதை எடுத்துடுங்க. வராத பஸ்ஸுக்குப் பலகையில வரியே வேண்டாம். ஓடற பஸ்ஸை மட்டும் காட்டுவோம். நான் பொய் சொல்லச் சொல்லல. சும்மா இருக்கத்தான் சொல்றேன்."

"பலகை சும்மா இருந்தா ஜனங்க பஸ் வரும்னுதான் சார் நிப்பாங்க."

"நிக்கட்டும்மா. முன்னாடியும் நின்னுட்டுத்தானே இருந்தாங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் குரலைத் தாழ்த்தினார். அவளுடைய வேலை ஒப்பந்த வேலை. மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது. நிரந்தரமாக்கும் கோப்பு அவர் மேஜையில்தான் இருக்கிறது. "இதை முடிச்சுக் குடுங்க. அடுத்த நிமிஷம் நான் கையெழுத்துப் போடறேன். உங்க மேல எனக்கு மரியாதை இருக்கு."

மரியாதை இருப்பதாகச் சொல்லிக்கொண்டே மனிதர்கள் எப்படியெல்லாம் பேசிவிடுகிறார்கள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். யோசிக்க ஒன்றும் இல்லை என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் நிரந்தர வேலை என்ற நினைப்பு சாதாரணமானதா? வீட்டுக் கடனில் பாதி அவள் தலையில் இருந்தது.

ராத்திரி அக்காவிடம் சொன்னாள். அக்கா ஷிப்டு முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"எடுத்துத் தொலைடி."

"அக்கா!"

"என்ன அக்கா? ஒரு வார்த்தை. பெத்த பிள்ளையா அது? கம்பெனி வேலையை விட்டுட்டு வந்தே, அப்பவே உன் மாமா தலையில அடிச்சுக்கிட்டாரு. அந்த மனுஷனை நான் சமாதானப்படுத்தினேன். இப்ப இதையும் விட்டுட்டு வந்தா எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவர்கிட்ட பேசறது?"

"நீதானே அன்னிக்கு லேட்டாப் போனே?"

"போனேன். வாங்கிக் கட்டிக்கிட்டேன். செத்தா போயிட்டேன்? ஊருக்கெல்லாம் நீ ஒருத்தி உண்மை சொல்லிக் கிழிக்கணும்னு யாரும் உன்னைக் கேக்கல."

அக்கா திரும்பிப் படுத்துக்கொண்டாள். சின்னவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இருந்தாலும் அக்கா சொன்னதில் ஒரு வார்த்தை கூடத் தப்பில்லை என்றும் பட்டது. அந்த வீட்டை இழுத்துப் பிடித்து நிறுத்திக்கொண்டிருப்பவள் அக்கா. அவளுக்கு இப்படிப் பேச எல்லா உரிமையும் உண்டு. அதுதான் இன்னும் வலித்தது.

மறுநாள் இயக்குநர் அறைக்குப் போய், நின்றபடியே சொன்னாள். "என்னால முடியாது சார்."

"முடியாதா, மாட்டீங்களா?"

"மாட்டேன்."

இயக்குநர் கோபப்படவில்லை. நீங்கள் இல்லாவிட்டால் வேறு ஆள் என்பது போலப் புன்னகைத்தார். சாயங்காலமே பலகைகளை விற்ற கம்பெனியின் ஆள் ஒருவன் வந்து அவர் அறைக்கு வெளியே உட்கார்ந்து, டீ ஆறுவதற்குள் அந்த மாற்றத்தை எழுதிக்கொடுத்துவிட்டான். முதல் கையும் வைத்தான். அவன் பெயர் பொதுப் பக்கத்தில் வந்தால் அவனுக்கு என்ன? அடுத்த வாரம் வேறு ஊர்.

இரண்டாவது கைக்குத்தான் இழுபறி வந்தது. முதலில் ரேடியோவைக் கூப்பிட்டார்கள்.

"டிப்போ சோதனைப் பலகையில போட்டுப் பார்த்துட்டேன் சார்" என்றான் அவன். "பஸ் ரத்துன்னு குடுத்தேன். பலகை ஒண்ணும் சொல்லல. மத்தவங்களுக்கு ஒரு வரி குறையுது, அவ்வளவுதான். எனக்குச் சத்தமே வராத பலகை கெட்டுப்போன பலகை. ரிப்பேருக்கு அனுப்ப வேண்டிய சாமானுக்கு நல்லா ஓடுதுன்னு நான் எப்படி சார் கை வைக்கிறது?"

"நீங்க ரொம்பப் பேசறீங்க."

"அதுக்குத்தான் சார் சம்பளம்."

அடுத்து கன்ட்ரோலர் அம்மாவைக் கூப்பிட்டார்கள். ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். சின்னவள் தாழ்வாரத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வெச்சுட்டு வந்துடுங்கம்மா, நான் தப்பா நினைக்க மாட்டேன்" என்றாள். மனதாரத்தான் சொன்னாள். அந்த அம்மா உள்ளே போனார். வெளியே வந்தபோது முகம் வெளிறியிருந்தது, ஆனால் தலை நிமிர்ந்திருந்தது.

"என்னம்மா சொன்னீங்க?"

"பலகை வாயை மூடிக்கிட்டா எல்லாரும் என் போனுக்குத்தான் அடிப்பாங்க, அவ்வளவு பேருக்கு நான் பதில் சொல்ல முடியாதுன்னேன். அப்புறம் பயம் வந்துடுச்சு. பயத்துல இன்னும் சத்தமா பேசிட்டேன்."

அவர் பேசியது கீழ்த்தளம் வரை கேட்டிருந்தது. அதன் பிறகு அந்தக் கட்டிடத்தில் இரண்டாவது கை வைக்க ஓர் ஆள் கிடைக்கவில்லை. கணக்குப் பிரிவில் எல்லோருக்கும் திடீரென்று முதுகுவலி. மக்கள் தொடர்பு அதிகாரி விடுப்பில் போய்விட்டார். யாரும் கொடி பிடிக்கவில்லை, கோஷம் போடவில்லை. ஆனால் யாரும் பிடி கொடுக்கவும் இல்லை.

இயக்குநர் மறுபடியும் அவளைக் கூப்பிட்டார். இந்த முறை டீ இல்லை.

"உங்க ஆளுங்க எல்லாம் ஒண்ணு கூடிக்கிட்டீங்களா?"

"யாரும் கூடல சார். ஒவ்வொருத்தரையும் நீங்களே தனித்தனியாத்தான் கூப்பிட்டுக் கேட்டீங்க." அதைச் சொன்னதும் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. "விதிப்படி யார் வேணும்னாலும் ரெண்டாவது கை வைக்கலாம் சார். நீங்களே வைக்கலாம். ஒரு காலைல வந்து நின்னு பார்த்தா போதும்."

அவள் அப்போதுதான் முழுசாகப் புரிந்துகொண்டாள். அவருக்குத் தேவைப்பட்டது அந்த மாற்றம் இல்லை. அந்த மாற்றத்தின் மேல் வேறொருவர் பெயர். இத்தனை நாள் மேடையில் முழங்கிய வெளிப்படைத்தன்மை இப்போது அவர் நெஞ்சுக்கு நேராகவே விரலை நீட்டிக்கொண்டு நின்றது. ஆனால் ஒரு சின்னப் பெண்ணுக்கு முன்னால் பின்வாங்க அவருக்கு மனம் வரவில்லை.

"நிக்கறேன்" என்றார். "ஆனா நான் நிக்கும்போது நீங்க யார்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாது. சோதனை சோதனையா இருக்கணும்."

"சரி சார்."

பள்ளிக்கூட நிறுத்தத்துப் பலகையில் மட்டும், ஒரு காலைக்கு மட்டும், அந்தச் சொல்லை எடுத்து வைத்தார்கள். அது அவள் வீட்டுக்குப் பக்கத்து நிறுத்தம், அக்கா தினமும் பஸ் ஏறும் இடம். கூட்டம் அதிகம் என்பதால் பலகைக் கம்பெனிக்காரன் அதைத் தேர்ந்தெடுத்திருந்தான். "ஆபீஸ் விஷயமா நானும் அங்க நிப்பேன், என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு அவள் முன்னாலேயே கிளம்பினாள். "உன்னைத் தெரியாத மாதிரி இருந்தாத்தான்டி எனக்கு நிம்மதி" என்றாள் அக்கா.

வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. இயக்குநர் கழுத்தில் அடையாள அட்டையோடு பலகைக்குக் கீழே நின்றார். ரேடியோ தன் கோலோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். சின்னவள் கொஞ்சம் தள்ளி, பூட்டியிருந்த மருந்துக்கடை வாசலில் நின்றாள். நிறுத்தம் நிரம்ப ஆரம்பித்தது. துப்புரவு வேலைக்குப் போகிறவர்கள், தூக்கம் கலையாத கல்லூரிப் பையன் ஒருவன், கைக்குழந்தையைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு பெண். பிறகு அக்கா வந்தாள். வெள்ளைச் சீருடை, தோளில் பை. தங்கையை ஒரு பார்வை பார்த்தாள். சொன்னபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போது சின்னவளின் போன் அதிர்ந்தது. கன்ட்ரோலர் அம்மா. முதல் பஸ்ஸுக்கு டிரைவர் வரவில்லை, மாற்று ஆளும் இல்லை, ரத்து. அதே நேரத்தில் இயக்குநரும் தன் போனை எடுத்துப் பார்த்தார். அவருக்கும் அதே தகவல் போயிருந்தது. பார்த்துவிட்டு சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பலகை சும்மா இருந்தது.

ஜனங்கள் சாலையை எட்டிப் பார்த்தார்கள். பலகையைப் பார்த்தார்கள். "சிவப்பு ஒண்ணும் இல்லையே, வந்துடும்" என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொன்னார். சின்னவளுக்கும் அது கேட்டது. அவர்கள் அந்தப் பலகையை நம்பினார்கள். பொய் சொல்லாது என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். இப்போது அந்த நம்பிக்கைதான் அவர்களை அங்கே கட்டிப்போட்டிருந்தது. முன்பெல்லாம் நின்றவர்கள் சந்தேகத்தோடு நின்றார்கள். இன்று நிம்மதியாக நின்றார்கள்.

மெயின் ரோட்டில் வேறொரு பஸ் உண்டு. இப்போது கிளம்பி வேகமாக நடந்தால் பிடித்துவிடலாம். இன்னும் கொஞ்சம் போனால் அதுவும் போய்விடும்.

கைக்குழந்தைக்காரி பலகைக்குப் பக்கத்தில் போய் அண்ணாந்து பார்த்தாள். குழந்தை முனகியது. அக்கா குழந்தையின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். முகம் மாறியது.

"எப்ப இருந்து காய்ச்சல்?"

"ராத்திரில இருந்து சிஸ்டர். ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன்."

அக்கா திரும்பினாள். கழுத்தில் அட்டையோடு நின்றவர் கண்ணில் பட்டார். "சார், நீங்க பஸ் ஆபீஸா? முதல் பஸ் வருமா?"

இயக்குநர் அவள் முகத்தைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். ஒரு நொடி வாய் திறந்து மூடியது. அந்த ஒரு நொடியில் சின்னவள், அவர் உண்மையைச் சொல்லிவிடுவார் என்றே நம்பினாள். சொல்லிவிட்டால் அவரை மன்னித்துவிடலாம் என்றுகூட நினைத்தாள்.

"வரும்மா" என்றார். "வந்துட்டே இருக்கு."

சோதனையாவது மண்ணாங்கட்டியாவது. சின்னவள் மருந்துக்கடை வாசலிலிருந்து இறங்கினாள். தன் குரல் கன்ட்ரோலர் அம்மாவின் குரலைப் போல வரும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"வராது! முதல் பஸ் வராது! யாரும் நிக்காதீங்க! மெயின் ரோட்டுக்கு நடங்க, அங்க பஸ் இருக்கு, இப்ப போனா பிடிச்சுடலாம்!"

நிறுத்தமே திரும்பியது. "பலகையில ஒண்ணும் போடலையே?" என்றார் ஒருவர்.

"போடக் கூடாதுன்னு எடுத்துட்டாங்க. நான் சொல்றேன், வராது."

"ஆமா, வராது" என்றான் ரேடியோ, பெஞ்சை விட்டு எழுந்து. "நான் பஸ் ஆபீஸ்தான். கிளம்புங்க, கிளம்புங்க."

கூட்டம் கலைந்தது. முணுமுணுத்துக்கொண்டே மெயின் ரோட்டுப் பக்கம் வேகமாக நடந்தது. கல்லூரிப் பையன் குழந்தைக்காரியின் பையை வாங்கிக்கொண்டு முன்னால் ஓடினான். போகிறபோக்கில் ஒரு பெண் இயக்குநரை நின்று பார்த்து, "அப்ப எதுக்குய்யா கழுத்துல அட்டை?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அக்கா மட்டும் நகரவில்லை.

"அறிவிருக்காம்மா உங்களுக்கு?" இயக்குநர் சின்னவளைப் பார்த்துச் சீறினார். போன் அவர் கையில் இருந்தது. "இப்பவே நான் ரெண்டாவது கையை வைக்கப் போறேன். ஊர்ல ஒரு பலகையிலயும் அந்த வார்த்தை இருக்காது. பார்த்துக்கிட்டே நில்லுங்க."

"வைங்க சார்" என்றாள் சின்னவள். "உங்க பெயரோட வைங்க. நின்னு பார்த்தேன், ஜனங்களுக்கு உதவுதுன்னு வைங்க."

அவர் கட்டைவிரல் திரைக்கு மேலே நின்றது. இறங்கவில்லை.

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். யார் இவர், எந்த வார்த்தை, எந்தக் கோப்பு என்று எல்லாம் அவளுக்கு விளங்கிவிட்டது. இப்போது அக்கா கெஞ்சுவாள், என் தங்கச்சி சின்னப் பெண், மன்னித்துவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிடுவாள் என்று சின்னவள் நினைத்தாள். அதைத்தான் அவளால் தாங்க முடியாது.

அக்கா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். இயக்குநருக்கு எதிரே போய் நின்றாள்.

"ஐயா, இவ என் கூடப்பிறந்தவ. இவளுக்கு வேலை போட்டுக் குடுக்கறது நீங்கதானா?"

"ஆமா."

"அப்ப இவளை வேணும்னா எடுத்துடுங்க. அந்த வார்த்தையை எடுக்காதீங்க."

சின்னவள் அதை எதிர்பார்க்கவேயில்லை. இயக்குநரும் எதிர்பார்த்திருக்க மாட்டார். அவர் அக்காவைப் பார்த்தார், தன் போனைப் பார்த்தார். தப்பிக்க ஒரு கதவு திறந்தது அவருக்குத் தெரிந்தது. பெயரைக் கொடுக்க வேண்டியதில்லை, தோற்றுப்போனதாகவும் ஆகாது. மேலிடத்துக்குச் சொல்ல ஒரு பலியும் கிடைத்துவிட்டது.

"நல்லது" என்றார். "அப்படியே செய்யறேன். மாதக் கடைசியோட உங்க ஒப்பந்தம் முடியுது. மேலே நீட்டிக்க மாட்டேன்."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, காத்திருந்த காரை நோக்கி நடந்தார். ரேடியோ அவர் காலடிச் சத்தம் ஓயும் வரை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, சோதனை முடிந்துவிட்டதால் பலகையைப் பழையபடி மாற்றுமாறு டிப்போவுக்குப் போன் போட்டான்.

"மேடம், நீங்க போனாலும் அந்த ரெண்டு கை இங்கதான் இருக்கும்" என்றான். "ஒண்ணு என்னுது. புதுசா வர்றவருக்கு நான் பேசிப் பேசியே சொல்லிக் குடுத்துடுவேன்."

அக்கா ஏற்கெனவே நடக்க ஆரம்பித்திருந்தாள். சின்னவள் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டாள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, அக்காவின் நடைக்கு ஈடுகொடுக்க அவள் பாதி ஓட வேண்டியிருந்தது. நிரந்தர வேலை போய்விட்டது என்ற பயமும், அவரை அழுத்த விடாமல் செய்துவிட்டோம் என்ற பெருமிதமும், அக்கா தன்னைக் கேட்காமலே தன்னைக் கொடுத்துவிட்டாளே என்ற கோபமும், அந்த அக்காவைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற தவிப்பும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன.

"அன்னிக்கு எடுத்துத் தொலைன்னு சொன்னியே?"

"அன்னிக்கு எனக்கு யாரும் நேருக்கு நேரா பொய் சொல்லலடி." அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. "அந்தக் குழந்தைக்கு நெருப்பாக் கொதிக்குது. அதைப் பார்த்துக்கிட்டே சொல்றான், வந்துட்டே இருக்குன்னு."

மெயின் ரோட்டு முனையில் பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. கூட்டம் கைகாட்டி அதை நிறுத்தியது.

"இனிமே நான் என்ன செய்யறது?" என்றாள் சின்னவள். "மாமாகிட்ட என்ன சொல்றது?"

"அவர்கிட்ட நான் பேசிக்கறேன்." அக்கா படியில் ஏறி, அவள் கையைப் பிடித்து மேலே இழுத்தாள். "நம்ம தெருவுல வாரத்துல பாதி நாள் தண்ணி வராது. எந்த நாள் வராதுன்னு ஒருத்தன் சொல்றதில்ல, குடத்தை வெச்சுக்கிட்டு தேவுடு காக்கறோம். அதுக்குன்னு ஒரு ஆபீஸ் இருக்கும்ல? நாளைக்கு அங்க போய் வேலை கேளு."